சொன்னவர்: அக்கா

மார்ச் 2

என் தும்பிக்கு,

அக்கா எழுதறேன். சௌக்கியமான்னு கேட்காம எனக்குக் கடிதம் ஆரம்பிக்க வராது, அது உனக்கே தெரியும். அதனால கேட்டுடறேன். சௌக்கியமா? நான் சௌக்கியம். வலது மணிக்கட்டு மட்டும் மழை வந்தா முனகுது. இருபத்திரண்டு வருஷம் இஸ்திரிப்பெட்டி பிடிச்ச கை, கொஞ்சம் முனகிக்கட்டும்.

நீ போய் நாலு மாசம் ஆகப்போகுது. கோர்ட்டில் மத்தியான இடைவேளையில் மேஜை மேல் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவே இல்லைன்னு உன் கூட வேலை பார்த்தவங்க சொன்னாங்க. களைப்பில் தூங்கறேன்னு நினைச்சு, சத்தம் வராம கதவைச் சாத்திட்டுப் போனாங்களாம். மொழிபெயர்க்கிற அம்மா தூங்கட்டும்னு ஒரு கோர்ட்டே குதிகாலைத் தூக்கி நடந்திருக்கு. வேற யாருக்குடி அந்த மரியாதை கிடைக்கும்?

நேற்று ஒரு கடிதம் வந்தது. நீ புத்தகம் எழுதிக்கிட்டு இருந்தியாமே! பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு உள்ளே என்ன வித்தியாசம்னு தமிழில் சொல்ற புத்தகமாம். பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறவர் எழுதியிருக்கார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துற வேலையாம் அது. நீ வார்த்தைகளை எழுதி வச்ச அட்டைங்க இருக்கிற பெட்டி அவர்கிட்ட இருக்காம். அதில் ஏழு அட்டை முடியலையாம். அதை நான் முடிச்சுத் தரணுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அதுக்குள்ள அடுப்பில் இருந்தது தீய்ந்துபோச்சு.

அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் துணிமூட்டை மேல் எழுதியிருக்கிறதுதான்: வார்டு, தியேட்டர், அர்ஜென்ட். இந்த மூணை வச்சுக்கிட்டு நான் எதை முடிக்கிறது? முடியாதுன்னு எழுதிப் போடப்போறேன். கோவிச்சுக்காதே.

உன் அக்கா


மார்ச் 3

பதிப்பகத்து ஐயாவுக்கு வணக்கம்.

நீங்களும் உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா இருக்கணும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் அட்டைகளைப் பத்திரமா வச்சிருக்கிறதுக்கு நன்றி. ஆனா நீங்க ஆள் மாறி எழுதிட்டீங்கன்னு நினைக்கிறேன். அவள் என்கிட்ட இங்கிலீஷ் பற்றி ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்லை. வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், நான் இஸ்திரி போடும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு ஊரெல்லாம் அக்கா உண்டு. படிச்ச அக்கா யாராவது இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க.

அந்த ஏழையும் விட்டுட்டு மீதியைப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
சலவைக்கூடத்தில் வேலை செய்பவள்


மார்ச் 17

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எங்கள் நலத்தை வேண்டினீர்கள். உங்கள் நலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நான் நலம். கண் மட்டும் முப்பது வருட எழுத்தைத் தின்று செரிக்காமல் கிடக்கிறது.

ஆள் மாறவில்லை அம்மா. காரணம் சொல்கிறேன். உங்கள் தங்கையின் பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள், நடுவில் விளக்கம், அடியில் ‘சொன்னவர்’ என்று ஒரு வரி. தையல்காரர், தீயணைப்புக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று அங்கே எழுதியிருக்கிறார். அகராதியிலிருந்து எடுத்த விளக்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருவர் தன் பிழைப்பிலிருந்து சொல்ல வேண்டும், சொன்னது நடந்ததாக இருக்க வேண்டும். அவருடைய விதி அது. க்யூர், ஹீல் என்ற இரண்டுக்கும் ஒரு நர்ஸ் சொன்னதைப் பாருங்கள்: “க்யூர் நாங்க பண்றது. ஹீல் புண்ணு தானா பண்ணிக்கிறது.” நான் வைத்திருக்கும் தடித்தடி அகராதிகள் இதற்கு அரைப் பக்கம் எடுத்துக்கொள்கின்றன.

அந்த ஏழு அட்டைகளில் நடு இடம் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் அடியில் அவர் கையெழுத்தில் ‘சொன்னவர்: அக்கா’ என்று இருக்கிறது. சொன்னவர் இருக்கிறார், சொன்னது இல்லை. மற்ற யாருக்கும் அவர் இப்படி முன்கூட்டியே இடம் போட்டு வைக்கவில்லை.

ஒருமுறை அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கூட வேலை செய்தவனை ஏணியிலிருந்து தள்ளிவிட்டதாக ஒரு சமையல்காரர் மேல் வழக்கு. “முந்தின நாளே அவன்கிட்ட சொல்லி வச்சேங்க” என்றார் சமையல்காரர். அரைகுறைத் தமிழ் தெரிந்த எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அது ‘த்ரெட்டன்’, மிரட்டியதை அவரே ஒப்புக்கொண்டார் என்றார். உங்கள் தங்கை உட்கார்ந்த இடத்திலேயே, “இல்லை, ‘வார்ன்’. மிரட்டுபவர் தான் செய்யப்போவதைச் சொல்வார். எச்சரிப்பவர் நடக்கப்போவதைச் சொல்வார்” என்றார். இதில் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். அவர் சமையல்காரரிடம் திரும்பி, “என்னன்னு சொல்லி வச்சீங்க?” என்றார். “அந்த ஏணி ஆட்டம் குடுக்குது, ஏறித் தொலைக்காதடான்னு சொன்னேங்க.” நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். அந்தச் சமையல்காரர் அன்று மாலையே வீட்டுக்குப் போனார்.

அப்படிப்பட்டவர் காரணமில்லாமல் உங்களுக்கு இடம் போட்டிருக்க மாட்டார். ஒன்றே ஒன்று முயன்று பாருங்கள். ‘கிரீஸ்’, ‘ரிங்கிள்’. இரண்டுமே துணியில் விழும் கோடு. வித்தியாசம் என்ன?

பணிவுடன்,
மெய்ப்பு பார்ப்பவன்


ஏப்ரல் 5

ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கண்ணுக்கு இப்போ எப்படி இருக்கு? ஈரத்துணியை மடிச்சுப் பத்து நிமிஷம் கண் மேல் போட்டுக்கோங்க. நான் நலம். போன தடவை எழுதாதது தப்புதான்.

சமையல்காரர் கதையை மூணு தடவை படிச்சேன். எங்க சலவைக்கூடத்தில் சத்தமா படிச்சுக் காட்டினேன். எல்லாருக்கும் நிமிர்ந்து நின்னு என் தங்கச்சின்னு சொன்னேன்.

அப்புறம் உங்க கேள்வியையும் கேட்டேன். எங்க கொதிகலனைப் பார்த்துக்கிறவர் எப்பவும் ஆவியும் சத்தமுமா திரிவார், அதனால் அவருக்கு ரயில்னு பேர். “ரயிலு, கிரீஸ்னா என்ன?”ன்னேன். “அது என் மிஷினுக்குப் போடுறது. உங்க துணியில ஏன் தேடுறீங்க?” “அது இல்லைய்யா, இது துணியில விழற கோடு.” “அப்படின்னா என்னைக் கேட்காதீங்க. என் சட்டையைப் பார்த்தும் கேட்கத் தோணுதா உங்களுக்கு?”ன்னுட்டார். பெட்டியைப் போட்டுப் பத்து வருஷம் இருக்கும் அந்தச் சட்டைக்கு.

மடிப்புமேஜையில் நிற்கிற பொண்ணுதான் சொன்னா. “ஏன்க்கா, டாக்டருங்க கால்சட்டைக்கு முன்னாடி கத்தி மாதிரி ஒரு கோடு வைப்பியே, அது இல்லாம அனுப்பினா உன்னைத் திட்டுவாங்க. அதே கால்சட்டையில முட்டிக்குப் பின்னாடி ஒரு கோடு இருந்தா, அது இருக்குன்னு திட்டுவாங்க. எப்படியும் திட்டுத்தான்.”

எனக்குப் பளிச்சுன்னு ஆச்சு. ரெண்டும் கோடுதான் ஐயா. ஒண்ணை நான் வைக்கிறேன். இன்னொண்ணு அதுவா விழுது. வைக்கிறது கிரீஸ். விழறது ரிங்கிள். ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒண்ணை அழுத்தணும், ஒண்ணை அழிக்கணும்.

இதை எழுதிட்டு உட்கார்ந்தப்போ ஒண்ணு ஞாபகம் வந்தது. தங்கச்சி ஒரு நாள் முக்காலியில் உட்கார்ந்துக்கிட்டு, “அக்கா, எல்லாக் கோட்டையும் அழிக்கிறே, இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறே?”ன்னு கேட்டா. “பேசாம உட்காருடி, கையில சுட்டுக்கப்போறே”ன்னு சொன்னேன். அவள் கேட்காம இல்லை ஐயா. இங்கிலீஷ் பேசாம கேட்டிருக்கா. எனக்குத்தான் புரியலை.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அம்மா


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

ஈரத்துணி வைத்தியம் பலிக்கிறது. உங்கள் மணிக்கட்டு வலியைப் பற்றித் தங்கை என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுத்து கனமில்லாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள்; வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

“வைக்கிறது கிரீஸ், விழறது ரிங்கிள்.” இதில் ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தப்போவதில்லை. முப்பது வருடத்தில் நான் இப்படி எழுதும் கடிதங்கள் மிகக் குறைவு. திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஓவியர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “அப்ப இது ரிங்கிள்தான், நான் வைக்கல” என்றார். “நீ வச்சதுதான், எல்லாத்துக்கும் முறைச்சு முறைச்சு” என்றார் தட்டச்சுக்காரம்மா.

அட்டையின் நடு இடம் நிரம்பிவிட்டது. மீதி ஆறையும் இதோடு எழுதி அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: ஸ்பாட், ஸ்டெய்ன். எம்ப்டி, வேகன்ட். வெயிட், எக்ஸ்பெக்ட். ஸீ, வாட்ச். ரிப்பேர், மெண்ட். எக்ஸ்க்யூஸ், ஃபர்கிவ். தனித்தாளில் அகராதிப் பொருளைக் குறித்திருக்கிறேன். படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பணிவுடன்,
மெய்ப்பு பார்ப்பவன்


மே 20

ஐயாவுக்கு வணக்கம்.

நலம். நீங்களும், நெற்றியைத் தடவிக்கிற ஓவியரும் நலமா? அவரை அதிகம் கிண்டல் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. முகத்துக்குப் பெட்டி போட முடியாது.

நீங்க அனுப்பின அகராதித்தாளை மடிப்புமேஜைப் பொண்ணு படிச்சுச் சொன்னா. துணி மேல சும்மா உட்கார்ந்திருக்கிறது ஸ்பாட். நூலுக்குள்ள குடியேறினது ஸ்டெய்ன். ஸ்பாட்டைத் துடைச்சு எடுக்கலாம். ஸ்டெய்னோட பேச்சுவார்த்தை நடத்தணும். அதுவும் ரத்தமா இருந்தா பச்சைத்தண்ணிதான், சுடுதண்ணி காட்டவே கூடாது. சூடு பட்டா அது அங்கேயே தங்கிடும். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்ற தப்பு இது. நல்லா வெளுக்கணும்னு அவசரப்பட்டு நிரந்தரமாக்கிடுவாங்க.

தியேட்டர் துணி வரும்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறோமே, அது வெயிட். புது மிஷின் வரும்னு மூணு வருஷமா சொல்றாங்களே, அது எக்ஸ்பெக்ட். அதுக்காக யாரும் நிக்கலை, வேலை அது பாட்டுக்கு நடக்குது. ரயிலுக்கு மட்டும் அது ரெண்டும் இல்லையாம். “அதுக்கு வேற வார்த்தை இருக்கு, லேடீஸ் இருக்கீங்க, சொல்ல முடியாது”ன்னார்.

இஸ்திரிப்பெட்டியை வாட்ச் பண்ணணும், எதிரே இருக்கிற சுவரை ஸீ பண்ணினா போதும். மாறப்போகுதுன்னு தெரிஞ்சு பார்க்கிறது வாட்ச். மிஷினுக்கு வர்ற மெக்கானிக் பழைய பாகத்தைக் கழற்றிப் புதுசு போட்டு ரிப்பேர் பண்றார். மடிப்புப் பொண்ணு ஊசி எடுத்துக் கிழிஞ்ச விரிப்பை மெண்ட் பண்றா. மெண்ட் பண்ணினா துணி அதே துணிதான், தையல் தெரியும், அவ்வளவுதான்.

எம்ப்டிக்குத்தான் நேரம் எடுத்தது. ஒரு நாள் வார்டில் ஆள் இல்லாத கட்டில்னு விரிப்பை உருவப் போனேன். நர்ஸ் என் கையைப் பிடிச்சாங்க. “எக்ஸ்ரேவுக்குப் போயிருக்கார்ம்மா. தலையணைப் பக்கத்துல கண்ணாடி இருக்கு பாருங்க.” கட்டில் எம்ப்டி, ஆனா வேகன்ட் இல்லை. வேகன்ட்னா இன்னொருத்தருக்குக் கொடுத்துடலாம். அட்டைக்கு இது போதும். இதுக்கு மேல எழுதறது உங்களுக்கு மட்டும். தங்கச்சி இருந்த அறை வாசலில் வீட்டுக்காரர் ‘வேகன்ட்’னு பலகை மாட்டியிருக்கார். அவர் மேல் தப்பில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். எம்ப்டிதான். பலகையை மட்டும் என்னால படிக்க முடியலை.

ஆறு கேட்டீங்க, அஞ்சு ஆச்சு. மணிக்கட்டு வலிக்குது, நிறுத்திக்கறேன்.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அம்மா


ஜூன் 3

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

மணிக்கட்டு ஆறட்டும். அவசரமில்லை.

எம்ப்டி, வேகன்ட் அட்டையை நீங்கள் சொன்னபடியே எழுதி முடித்துவிட்டேன். எனக்கு மட்டும் எழுதியது என்னிடம் மட்டும் இருக்கும்.

மிச்சமிருப்பது எக்ஸ்க்யூஸ், ஃபர்கிவ். அகராதி இரண்டுக்கும் ‘மன்னி’ என்று ஒரே மருந்தை எழுதிக் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, காரணம் கேட்டு, சரி உன் மேல் குற்றமில்லை என்று விடுவது எக்ஸ்க்யூஸ். குற்றம் உன் மேல்தான் என்று தெரிந்தும் விடுவது ஃபர்கிவ். ஆனால் நான் சொன்னால் அட்டையில் ஏறாது. விதி உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விவரம், உதவுமானால். அட்டையின் மூலையில் அவர் தேதி போடுவார். உங்கள் மற்ற ஆறும் கடைசி இரண்டு வருடங்களில் எழுதியவை. இது மட்டும் பழையது. ஆறு வருடங்களுக்கு முன், அக்டோபர் 19. அட்டையின் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன. அடிக்கடி கையில் எடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போகிறோம். அதற்குள் வராவிட்டால் அந்த ஒன்றை எடுத்துவிடுகிறேன். படிப்பவர் யாருக்கும் குறை தெரியாது.

பணிவுடன்,
மெய்ப்பு பார்ப்பவன்


ஜூன் 30

என் தும்பிக்கு,

சௌக்கியமா? எனக்குப் பத்து நாளாய்ச் சாப்பாடு இறங்கலை. அந்த நல்ல மனுஷர் தெரியாம ஒரு தேதி எழுதிட்டார்.

அம்மா போனது அக்டோபர் 8. நீ அந்த அட்டையை எழுதினது பதினோரு நாள் கழிச்சு.

யாருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்றேன். அம்மா எட்டு மாசம் படுக்கையில் கிடந்தா. குளிப்பாட்டினதும், புரட்டிப் படுக்க வச்சதும், ஊட்டினதும் நான். கடைசி வாரம் முழுக்க “சின்னவ எங்கே, சின்னவ எங்கே”ன்னுதான் கேட்டா. பக்கத்தில் நிக்கிற பெரியவளைக் கேட்கவே இல்லை. உனக்குப் போன் பண்ணினேன். “கேஸ் நடக்குதுக்கா, அடுத்த வாரம் வந்துடறேன்”னே. பாதியில் விட்டு வந்தா ஒரு ஆளுக்குத் தண்டனை ஆயிடும்னு சொன்னே. அது உண்மைன்னு இப்போ தெரியுது. அன்னிக்கு எனக்கு அது காதில் ஏறலை.

காலையில் பதினோரு மணிக்கு அம்மா மூச்சு நின்னது. போன் சுவரில்தான் மாட்டியிருந்தது. ரிசீவரை எடுத்தேன். சத்தம் நல்லாக் கேட்டது. உன் நம்பர் மனப்பாடம். வச்சுட்டேன். எட்டு மாசம் நான் தனியா இருந்தேன், மூணு நாள் இவள் இல்லாம நடக்கட்டும்னு தோணுச்சு. எல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் கூப்பிட்டு, லைனே கிடைக்கலைன்னு சொன்னேன். நீ, “பரவாயில்லைக்கா. லைன் கிடைக்கலைன்னா நீ என்ன பண்ணுவே”ன்னே.

மறுநாள் வந்தே. சாயங்காலம் அதே போனை எடுத்து உன் ஆபீஸுக்குப் பேசினே. முதல் தடவையிலேயே கிடைச்சது. பேசி முடிச்சு ரிசீவரை வச்சுட்டு, என்னைப் பார்க்கலை. போனைப் பார்த்துக்கிட்டு நின்னே. அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அக்கா, சாப்பிட்டியா?”ன்னு கேட்டே.

இதை நான் அந்த மனுஷருக்கு எப்படி எழுத?

உன் அக்கா


ஆகஸ்ட் 9

ஐயாவுக்கு வணக்கம்.

நலம்தானே? பதில் போட நாளாயிடுச்சு. வேலை ஜாஸ்தி.

கடைசி அட்டைக்கு இதை எழுதிக்கோங்க. ஒரு தடவை கொதிகலனில் குழாய் அடைச்சு, ஆவி எகிறி ஒரு விரிப்பு கருகிடுச்சு. குழாய் அடைச்சா நீ என்ன பண்ணுவேன்னு மேற்பார்வை அம்மா விட்டுட்டாங்க. அது எக்ஸ்க்யூஸ். இன்னொரு தடவை நான் அரட்டை அடிச்சுக்கிட்டே ஒரு நர்ஸ் அங்கியைக் கருக்கிட்டேன். ஒளிக்காம போய்ச் சொன்னேன். அவங்க அங்கியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, கருகின இடம் உள்பக்கம் போற மாதிரி மடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. அது ஃபர்கிவ். எக்ஸ்க்யூஸ்க்குக் காரணம் இருந்தா போதும். ஃபர்கிவ்க்கு உண்மையைச் சொல்லணும்.

ஏழும் ஆச்சு.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அம்மா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் அம்மா என்று எழுத வரவில்லை. இந்த ஏழு அட்டைகளோடு பழகிய பிறகு அந்த வார்த்தை பொருந்தவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நலமா? உங்கள் கடிதம் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். வாசித்து முடித்தபோது எங்கள் தட்டச்சுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நர்ஸ் அங்கியை மடித்துப் போட்டுக்கொண்டது எங்கள் யாருக்கும் மறக்காது. உங்கள் தங்கை ஏன் இந்த அட்டையை ஆறு வருடம் காலியாக வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. சரியான ஆளுக்காகத்தான் வைத்திருக்கிறார்.

இதையே புத்தகத்தின் கடைசி அட்டையாகப் போடுகிறோம். 29ஆம் தேதி அச்சு.

அன்புடன்,
மெய்ப்பு பார்ப்பவன்


ஆகஸ்ட் 22

ஐயாவுக்கு வணக்கம்.

உங்க கடிதம் இன்னிக்குத்தான் வந்தது. உடனே எழுதறேன், தந்தி மாதிரி எடுத்துக்கோங்க. அச்சை நிறுத்துங்க.

குழாய் அடைக்கலை. அங்கியும் கருகலை. அப்படி ஒரு நர்ஸே கிடையாது. நானா கட்டினது எல்லாம். தட்டச்சுக்காரம்மாகிட்ட நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுங்க, நல்ல கண்ணீரை வீணாக்கிட்டேன். சொன்னது நடந்ததா இருக்கணும்னு அவள் விதி வச்சிருக்கா. இருநூற்று ஏழு அட்டைக்கு மத்தவங்க அவளுக்கு நிஜத்தைச் சொல்லியிருக்காங்க. ஊர் பேர் தெரியாத பஸ்காரர்கூடப் பொய் சொல்லலை. கூடப் பிறந்தவள் நான் பொய் சொல்லி அவள் பெட்டியில் ஏறினா, அந்தப் பெட்டிக்கே அசிங்கம்.

இதைப் போடுங்க. போடலைன்னா அந்த அட்டையையே எடுத்துடுங்க.

“எங்க அம்மா போன அன்னிக்குத் தங்கச்சிக்கு நான் சொல்லியனுப்பலை. கோபத்தில். போன் நல்லாத்தான் இருந்தது. லைன் கிடைக்கலைன்னு பின்னாடி சொன்னேன். பரவாயில்லைன்னா. அவள்கிட்ட நான் வாங்கினது எக்ஸ்க்யூஸ். ஃபர்கிவ் வேணும்னா உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கணும். நான் கேட்கலை.”

சொன்னவர்னு அவள் ஏற்கெனவே போட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும். படிச்சா எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும் யாருன்னு. தெரியட்டும்.

நீங்க என்னை அக்கான்னு எழுதினீங்க. இதைப் படிச்ச பிறகும் அப்படி எழுதத் தோணினா எழுதுங்க, இல்லைன்னா தப்பா நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சலவைக்கூடத்து அம்மா


டிசம்பர் 11

என் தும்பிக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம். சாப்பாடு இறங்குது.

உன் புத்தகம் வந்தாச்சு. கனமா, தலையணை மாதிரி இருக்கு. அந்த மனுஷர் என் கடிதத்துக்கு ஒரே வரி பதில் போட்டிருந்தார்: “அப்படியே போட்டிருக்கிறேன், அக்கா.” ஒரு எழுத்தையும் மாற்றலை.

சலவைக்கூடத்தில் இடைவேளையில் மடிப்புப் பொண்ணு தினம் பத்து அட்டை படிக்கிறா. மிஷினை நிறுத்திட்டுக் கேட்கிறாங்க, மேற்பார்வை அம்மா உள்பட. மிஷின் மெக்கானிக் ரிப்பேர் அட்டைக்குத் தன்னையும் கேட்டிருக்கணும்னு சண்டைக்கு வந்தார். ஒவ்வொரு அட்டைக்கும் எனக்கு ஆச்சரியம் தாங்கலைடி. ஒரு தையல்காரர்கிட்ட, ஒரு கண்டாக்டர்கிட்ட, ஒரு கண் டாக்டர்கிட்ட எப்படிக் கேட்டிருப்பே, அவங்க கையிலிருக்கிற வேலையைக் கீழே வைக்காமலே பதில் சொல்லியிருக்காங்களே! எல்லாரும் தங்களை அறியாம புத்திசாலியாயிட்டாங்க உன்கிட்ட. நானும்தான். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போறவள்னு நான் நினைச்ச பொண்ணு, அவ்வளவு நேரமும் வேலைதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கா.

கடைசி அட்டையை நானே படிச்சேன். நிறுத்தி நிறுத்தி, மெதுவா. ரயில் எழுந்து போய்க் கொதிகலனைத் திறந்தார், தேவையே இல்லாம. ஆவிச் சத்தத்தில் நான் மூக்கைச் சிந்தினது யாருக்கும் கேட்கலை.

சித்திக்கு யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. போன் பண்ணினா. “ஏன்டி, அப்ப லைன் இருந்துச்சா?” “இருந்துச்சு சித்தி.” “ஆறு வருஷமா டெலிபோன் ஆபீஸையில்ல நான் திட்டிக்கிட்டு இருக்கேன்!” “இனிமே என்னைத் திட்டுங்க சித்தி.” கொஞ்சம் திட்டினா. அப்புறம் அழுதா. அப்புறம் அம்மா கடைசியா யாரைக் கேட்டாள்னு கேட்டா. சொன்னேன். “பக்கத்துல இருக்கிறவளை எதுக்குடி கேட்கணும்?”னா. அது எனக்கு இத்தனை வருஷம் தோணவே இல்லை.

இப்போ ஊருக்கெல்லாம் தெரிஞ்சாச்சு. உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கணும். அந்த அட்டையில் என் பேரைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கேன். நான் வந்து உண்மையைச் சொல்லுவேன்னு போட்ட பேரான்னு பார்க்கிறேன், ஏழிலும் அதே மாதிரிதான் போட்டிருக்கே, கண்டுபிடிக்க முடியலை. லைன் கிடைக்கலைன்னதை நம்பித்தான் நீ விட்டேன்னா அக்காவுக்கு வெட்கம். பொய்னு தெரிஞ்சேதான் விட்டேன்னா, அதுக்கு அப்புறமும் வருஷா வருஷம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தியே, அந்த மனசை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

லைன் கிடைக்கலைன்னா நீ என்ன பண்ணுவேன்னு சொன்னப்போ, தும்பி, உனக்குத் தெரியுமாடி?